வண்டி நம் ஊர். இன்ஜின் எந்த ஊர்?

வணிகப் பெருமக்கள் வண்டி வாங்கப் போகும்போது கேட்கிற கேள்விகள் நமக்கெல்லாம் தெரிந்தவைதான். விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், முன்பணம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, பழைய வண்டியை எடுத்துக் கொள்வீர்களா. இந்த ஐந்தோடு கேள்வி முடிந்து விடுகிறது. மேளம் கொட்டாத குறையாக மாலை போட்டுச் சாவியை வாங்கிக் கொண்டு வந்து விடுகிறோம். இன்ஜின் எங்கே செய்தது என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் குடும்பத்துக்காக ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறார். விற்பனையாளர் அவரிடம், "இது இம்போர்ட்டட் இன்ஜின், அண்ணாச்சி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அதில் ஏகப் பெருமை. பக்கத்தில் இருந்த எண்ணெய் மண்டிக்காரரோ, "அப்படியானால் கண்ணைத் திறந்து கொண்டு எடுங்கள். நாளைக்கு ஒரு சாமான் போனால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்" என்றார். இருவரும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் நம் பக்கம் திரும்பி, இதைப் பத்திரிகையில் எழுதுங்கள் என்று சொல்லி விட்டார்கள்.

எழுத நமக்கும் ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

1993-ம் ஆண்டு. மதுரை கீழமாசி வீதியில் நமது கடை. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் வட்டாரக் கடைகளுக்கு லைன் சரக்கு போட ஒரு பழைய வேன் வாங்கினோம். இன்ஜின் ஜப்பான். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம். வாங்கிய புதிதில் வண்டி தேன் போல ஓடியது, அதை மறைப்பதற்கில்லை. மூட்டை ஏற்றிக் கொண்டு மேட்டில் ஏறும்போதுகூடச் சத்தம் மாறாது. தீபாவளிக்கு ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும்போது, செக்கானூரணி தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. டிரைவர் கவனிக்கவில்லை. இன்ஜின் கொதித்து, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்தது.

ஹோஸ் நாற்பது ரூபாய் சாமான். ஹெட்டுக்குத்தான் வழியில்லை. விற்பனை நிலையத்தில் கேட்டால், ஆர்டர் போட்டு ஆறு வாரம் என்றார்கள். மெக்கானிக் ஒருவரையும் கடைப் பையன் ஒருவனையும் சென்னைக்கு ரயில் ஏற்றி, புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைய விட்டோம். கழற்றிய பழைய ஹெட் ஒன்று அகப்பட்டது. அதுவும் அளவு சற்று மாறிய மாடல். லேத்தில் கொடுத்துச் சரி செய்து மாட்டி, வண்டி தெருவுக்கு வந்தபோது இருபத்தாறு நாள் போய்விட்டது. தீபாவளியும் போய்விட்டது. வாடகை வண்டி பிடித்து முடிந்தவரை சரக்கு அனுப்பினோம். ஆனால் பண்டிகை நேரத்தில் வெல்லமும் கடலை மாவும் எண்ணெயும் இரண்டு நாள் தாமதித்தால் சில்லறைக் கடைக்காரர் என்ன செய்வார்? அடுத்த மண்டிக்குப் போனார். அப்படிப் போன எட்டுக் கடைகளில் மூன்று கடைகள் திரும்பி வரவே இல்லை. அந்த மூன்று பேரேட்டுக் கணக்கையும் நாம் வெகு நாள் மூடாமல் வைத்திருந்தோம்.

அதே தெருவில் பக்கத்துக் கடைக்காரரிடம் உள்நாட்டு இன்ஜின் பூட்டிய வேன் இருந்தது. புகை கக்கும், சத்தம் போடும், வருஷத்துக்கு இரண்டு தடவை படுக்கும். ஆனால் காலையில் படுத்தால் மாலையில் எழுந்து விடும். சாமான் சிம்மக்கல்லிலேயே கிடைக்கும்.

பெருங்காயக் கணக்கு

உள்நாடு, வெளிநாடு என்று இரண்டே பெட்டியாகப் பிரித்துப் பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. இதை நம் தொழிலில் உள்ள சரக்கை வைத்தே பார்க்கலாம்.

பெருங்காயம் எந்த நாட்டுச் சரக்கு? டப்பாவில் நம் ஊர் முகவரி இருக்கிறது. மாவு சேர்த்து, இடித்து, கட்டியாக்கி, அடைத்து விற்பது இங்கேதான். ஆனால் பால் காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தியாவில் பெருங்காயச் செடியைப் பயிரிடும் முயற்சியே 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது. அங்கே சண்டை என்றால் இங்கே விலை ஏறுகிறது. பாமாயிலும் அப்படியே. சுத்திகரிப்பது இங்கே, கச்சா எண்ணெய் மலேசியா, இந்தோனேசியா. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது நமது எண்ணெய் மண்டிகளில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

இன்ஜினும் இதே கதைதான். முழு இன்ஜினாகவே கப்பலில் வந்து இறங்குவது ஒரு வகை. பாகங்களாக வந்து இங்கே கோர்க்கப்படுவது இன்னொரு வகை. வெளிநாட்டு வரைபடத்தை வாங்கி, இங்கேயே வார்த்து, கடைந்து, பூட்டுவது மூன்றாவது. வரைபடமும் நம்முடையதாக இருப்பது நான்காவது. "இம்போர்ட்டட் இன்ஜின்" என்று விற்பனையாளர் சொல்லும்போது பெரும்பாலும் மூன்றாவது வகையைத்தான் சொல்கிறார். அதாவது இன்ஜின் உள்நாடு, பெயர் வெளிநாடு. அவர் பொய் சொல்லவில்லை. பெருங்காய டப்பாவில் காபூல் என்று படம் போடுவது போலச் சொல்கிறார்.

வாங்குகிறவருக்கு எது முக்கியம்? வரைபடம் யாருடையது என்பதைவிட, சிலிண்டர் பிளாக், ஹெட், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன், வால்வு, டீசல் பம்ப் ஆகியவை எங்கே செய்யப்படுகின்றன என்பதே. இவை உள்நாட்டில் செய்யப்பட்டால் உதிரிபாகக் கடைக்கு வந்து சேரும். இதில் தமிழ்நாட்டின் பங்கு சாமானியமானதல்ல. செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் வடிவமைப்பில் டீசல் இன்ஜின் செய்தது. அதே செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் செய்யும் ஸ்டார்ட்டரும் டைனமோவும் நாட்டில் போகாத ஊரில்லை. டீசல் பம்புக்குப் பெங்களூர் மைக்கோ. அது 1951-ல் தொடங்கியது, இன்று பாஷ். எந்தப் பெயர்ப் பலகை வண்டியானாலும் பானட்டைத் திறந்தால் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

நாம் பார்த்த வண்டிகள்

அம்பாசடரையும் பியட்டையும் உள்நாட்டு வண்டி என்றே சொல்லி வளர்ந்தோம். இரண்டின் பிறப்பும் வெளிநாடு. அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் 1489 சிசி இன்ஜினும் அந்நாட்டு வடிவமே. பத்மினி என்று பிறகு பெயர் மாறிய வண்டி இத்தாலியின் பியட் 1100. ஆனால் இரண்டையும் இங்கேயே வார்த்துச் செய்தார்கள். அதனால்தான் எந்தச் சந்தையிலும் ரிங் செட் கிடைத்தது. எந்த மரத்தடி மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டினார். குறை என்னவென்றால், வரைபடம் இருபது, முப்பது வருஷம் மாறவே இல்லை. அறுபதாயிரம், எழுபதாயிரம் கிலோமீட்டரில் போரிங் வேலைக்கு நிற்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறோம். சாமான் கிடைக்கும் என்பதற்காக அடிக்கடி சாமான் வாங்கிக் கொண்டிருப்பதும் லாபமல்ல.

1984-ல் வந்த கான்டெஸாவைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பு பெரியது; உள்ளே அதே அம்பாசடர் இன்ஜின், சுமார் ஐம்பது குதிரைத்திறன். யானைக்குக் கழுதையின் கால். பிறகு ஜப்பான் இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினைப் பூட்டியதும் அந்த வண்டிக்கே உயிர் வந்தது. 1990களில் அதே இசுசு இன்ஜின் அம்பாசடருக்கும் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, ஜப்பானிலிருந்து பெட்டியில் கொண்டு வந்து விற்றதோடு நிற்காமல், மத்தியப் பிரதேசம் பீதம்பூரில் இதற்கென்றே தொழிற்சாலை போட்டார்கள்.

எதிர்மாறான உதாரணமும் நம் வாசலிலேயே நடந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டு வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். இன்ஜினோ, கையில் இருந்த பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வழி வந்த இரண்டு லிட்டர். சட்டை புதிது, உள்ளே ஆள் பழையவர். எரிபொருள் குடித்தது, விலையும் அதிகம். 1980களின் கடைசியிலேயே அந்தக் கார் நின்று போனது. இன்ஜின் உள்நாடு என்பதால் மட்டும் வண்டி பிழைத்து விடாது என்பதை அந்த நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் நினைத்துக் கொள்வோம்.

மாருதி வேறு வழியில் போனது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவி கொடுக்கப்பட்டபோது அது ஏறக்குறைய முழுக்க ஜப்பான் பெட்டிதான். ஆண்டுக்கு ஆண்டு இத்தனை பாகம் உள்நாட்டில் வாங்க வேண்டும் என்று அரசாங்கத்துடன் உடன்பாடு. அதன்படி உதிரிபாகக் கம்பெனிகளைப் பக்கத்திலேயே வளர்த்து, அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினைச் சில ஆண்டுகளில் நம் ஊர் இன்ஜினாகவே ஆக்கினார்கள்.

யென் கற்றுக் கொடுத்த கணக்கு

நிற்க. காரைவிட நமக்கு நெருக்கமான கதை வேன்களின் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1980களின் நடுவில் நான்கு ஜப்பான் கூட்டுக் கம்பெனிகள் ஒரே சமயத்தில் இலகு ரக வேன் செய்யக் கிளம்பின. உத்தரப் பிரதேசத்தில் டிசிஎம் டொயோட்டா, பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்டா, ஆந்திரத்தில் ஆல்வின் நிஸான், பீதம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி. நான்கும் நல்ல வண்டிகள். அதுவரை மாட்டு வண்டிக்கும் பெரிய லாரிக்கும் நடுவே தவித்துக் கொண்டிருந்த நம்மைப் போன்றவர்களுக்கு இவை வரப்பிரசாதமாக வந்தன. மண்டிக்கு மண்டி முன்பதிவு செய்தோம்.

இன்ஜின் உள்ளிட்ட முக்கிய பாகங்கள் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்தன. அதற்கான விலை யென் நாணயத்தில். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து பணக்கார நாடுகளின் நிதி அமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக் கொண்டார்கள். அந்தச் செய்தியை அன்று நாம் யாரும் படித்திருக்கவே மாட்டோம். ஆனால் விளைவு நம் மண்டிக்கே வந்தது. ஒரு லட்சம் யென் விலையுள்ள பெட்டி ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். 1985-ன் சராசரி மதிப்பில் அதற்கு ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். 1988-ல் அதே பெட்டிக்குப் பதினோராயிரம். நடுவில் 1991 ஜூலையில் நமது ரூபாயின் மதிப்பும் இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 1995-ல் கணக்குப் பார்த்தால் அதே ஒரு லட்சம் யென்னுக்கு முப்பத்து நாலாயிரம் ரூபாய். ஜப்பான்காரர் விலையை ஒரு காசு ஏற்றாமலே பத்து ஆண்டில் ஆறு, ஏழு மடங்கு. இதில் சுங்க வரி தனி.

இதற்கிடையே 1986-ல் டெல்கோ 407 என்ற வண்டியை இறக்கியது. உள்நாட்டு வடிவம், உள்நாட்டு இன்ஜின். ஜப்பான் வண்டிகளின் வழவழப்பு அதில் இல்லை. ஆனால் யென் ஏறினால் அதற்குக் காய்ச்சல் வராது. சந்தை மெல்ல மெல்ல அதன் பக்கம் சாய்ந்தது. நான்கு ஜப்பான் கூட்டுக் கம்பெனிகளில் ஆல்வின் நிஸான் மகிந்திராவிடம் போயிற்று. டிசிஎம் டொயோட்டா 1990களின் நடுவில் கொரியாவின் டேவூவிடம் போய், வேனை விட்டுக் காருக்கு மாறியது. ஐஷரும் ஸ்வராஜும் பாகங்களை வேகமாக உள்நாட்டுக்குக் கொண்டு வந்ததால் தாக்குப் பிடித்தன. நாம் 1993-ல் ஹெட்டுக்காக அலைந்ததும் இந்தப் பெரிய கணக்கின் ஒரு சிறிய வரிதான் என்பது பின்னால்தான் விளங்கியது. யென்னில் விலை எகிறும்போது எந்த விற்பனை நிலையம் ஹெட்டை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கும்? நாமும் விலை ஏறிய ஏலக்காயை மூட்டைக் கணக்கில் வாங்கி வைப்பதில்லையே.

2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நமது குட்டி யானை, இந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்த வண்டி எனலாம். 1998-ல் வந்த இண்டிகா காருக்கு 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதில் சரிபாதியை எடுத்தது போல 702 சிசி, இரண்டு சிலிண்டர், பதினாறு குதிரைத்திறன். பதினாறு குதிரை என்றதும் சிரித்தவர்கள் உண்டு, நாமும் சிரித்தோம். ஆறே மாதத்தில் நமது தெருவில் மூன்று சக்கர வண்டி நின்ற இடமெல்லாம் குட்டி யானை நின்றது. அதன் சாமான் கிடைக்காமல் வண்டி நின்றது என்று ஒரு உறுப்பினர்கூட நம்மிடம் சொன்னதில்லை. இழுவை போதவில்லை, அதிர்வு அதிகம் என்று சொன்னவர்கள் ஏராளம்.

சட்டத்திலும் இந்தக் கேள்வி

இன்ஜின் எங்கே பூட்டப்பட்டது என்பது வாங்குகிறவரின் வீண் ஆராய்ச்சி மட்டுமல்ல; சுங்க வரியே அதைப் பொறுத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் காரைப் பாகங்களாகக் கொண்டு வந்து இங்கே கோர்த்தால் பத்து சதவீத வரி. முழுக் காராக வந்தால் பல மடங்கு. உயர் ரகக் கார்க் கம்பெனிகள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளிநாட்டிலேயே பூட்டிக் கொண்டு வந்து, மற்றவற்றை இங்கே கோர்த்து, பத்து சதவீதம் கட்டி வந்தன. 2011 பட்ஜெட்டில் அரசாங்கம் இதற்கு முடிச்சுப் போட்டது. இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் பூட்டியபடி வந்தால் அது வெறும் பாகம் அல்ல, அறுபது சதவீதம் என்றார்கள். கூக்குரல் எழுந்ததும் அதே மார்ச்சில் முப்பதாகக் குறைத்தார்கள்.

பத்துக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் சும்மா இருக்குமா? இன்ஜினை இங்கேயே கோர்க்க ஆள் தேடினார்கள். பழைய மாட்டடார் வேன் செய்த பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், ஏற்கனவே மெர்சிடிஸ் கம்பெனிக்கு இன்ஜின் பூட்டிக் கொடுத்துக் கொண்டிருந்தது. 2015-ல் சென்னைப் பக்கம் பிஎம்டபிள்யூ இன்ஜின்களுக்காகவும் அது ஒரு தொழிற்சாலை திறந்தது. கோடீஸ்வரர் காரின் இன்ஜினைப் பூட்டுகிற கை, நம் வேன் இன்ஜினைப் பூட்டிய அதே கம்பெனியின் கை. வரி விகிதங்கள் பிறகும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறின. ஆகவே உயர் ரகக் கார் வாங்கும் உறுப்பினர் யாராவது இருந்தால் அன்றைய விகிதத்தைக் கேட்டுக் கொள்ளவும். (அப்படி ஒருவர் இருந்தால் சங்கக் கட்டட நிதியையும் நினைவில் வைக்கவும்.)

இதற்கு நேர் எதிரான ஒரு கதை, இத்தாலியின் பியட் செய்த 1248 சிசி டீசல் இன்ஜின். பியட் கார் இங்கே பெரிதாக விற்கவில்லை. ஆனால் இன்ஜினை உரிமம் பெற்று மாருதிக்காக ஹரியானா மானேசரில் செய்தார்கள். புனே அருகே ரஞ்சன்காவிலும் செய்தார்கள். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா என்று போட்டிக் கம்பெனிகளின் கார்களில் எல்லாம் அதே இன்ஜின் ஓடியது. 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபோது மாருதி டீசலையே விட்டு விட்டது. ஆனாலும் அந்த இன்ஜினுக்கு இன்றும் சாமானுக்கோ மெக்கானிக்குக்கோ பஞ்சமில்லை. காரணம் நாட்டுப்பற்று அல்ல, எண்ணிக்கை. லட்சக்கணக்கில் ஓடும் இன்ஜினுக்கு உதிரிபாகக்காரர் தானே வந்து சேருவார்.

எப்படித் தெரிந்து கொள்வது?

விற்பனை நிலையத்தின் முன்கூடத்தில் கேட்டால் "எல்லாம் கிடைக்கும்" என்பார்கள். பின்பக்கம் உதிரிபாகக் கவுன்டர் இருக்கிறதே, அங்கே போய்க் கேட்க வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள்: ஹெட் கேஸ்கட், கிளட்ச் செட், டைமிங் பெல்ட் அல்லது செயின், இன்ஜெக்டர், டர்போ, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் விலை என்ன, இப்போது அலமாரியில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எத்தனை நாள். ஆறுக்கும் பதில் வாங்க பத்து நிமிஷம் போதும்.

அங்கே ஒரு பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொட்டலப் பொருள் விதிகளை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கடையில் ஆய்வாளர் வந்தால் முதலில் பார்ப்பதே அதைத்தானே. உதிரிபாகப் பெட்டியிலும் அதிகபட்ச சில்லறை விலை, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டுச் சரக்கு என்பது இருக்க வேண்டும். எண்ணெய் டின்னைத் திருப்பிப் படிக்கிற கண்ணுக்கு இது ஒரு வேலையே அல்ல. பிளாக்கும் பிஸ்டனும் உள்நாடு, டர்போவும் மின்னணுப் பெட்டியும் வெளிநாடு என்று கலந்து வருவதே இன்று வழக்கம். சில மாடல்களில் இன்ஜின் உள்நாடு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இறக்குமதி. எனவே "உள்நாட்டு இன்ஜின்" என்ற ஒரு வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம்.

சேஸிஸ் எண்ணைப் பார்த்தாலே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அந்தப் பதினேழு எழுத்து எண் எம்.ஏ., எம்.பி. போன்ற எழுத்துகளில் தொடங்கினால் வண்டி இந்தியாவில் செய்தது; ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி. ஆனால் அது வண்டிக்குத்தான் சாட்சி, இன்ஜினுக்கு அல்ல. இன்ஜின் எண் தனி, பிளாக்கிலேயே பொறித்திருக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பானட்டைத் திறந்து, துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். இன்ஜினை மாற்றிப் பூட்டியிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதியாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதல் சாக்கு அதுவே. "ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின் போட்டிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லி விற்கும் தரகரிடம், எந்தப் பில்லில் வாங்கினார், எந்தத் தேதியில் ஆர்.சி.யில் ஏற்றினார் என்று கேட்டால் பேச்சின் சுருதி இறங்கி விடும்.

எல்லாம் சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நம்மைத் தவிக்க விட்ட அந்த ஜப்பான் இன்ஜின், ஹெட் மாற்றிய பிறகு மேலும் ஒன்பது ஆண்டு ஓடியது. பெரிய வேலை எதுவும் வைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் உள்நாட்டு வேன் அதே காலத்தில் இரண்டு முறை முழு இன்ஜின் வேலைக்கு இறங்கியது. இரண்டு பேர் பேரேட்டையும் வைத்துக் கூட்டினால் வண்டிச் செலவு ஏறத்தாழச் சமமாகவே வரும். வித்தியாசம், அவருடைய செலவு அவருக்கு வசதியான மாதங்களில் வந்தது. நமது செலவு தீபாவளியில் வந்தது.

இப்போது மின்சார வண்டி பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். சரக்கு ஏற்றும் மூன்று சக்கரத்திலும் குட்டி யானையிலும் மின்சார வண்டி வந்தாயிற்று. இன்ஜினே இல்லையே, இந்தக் கேள்வி ஒழிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் உலோகங்களில் பெரும்பகுதி சீனாவில் பதப்படுத்தப்படுகிறது. 2025 ஏப்ரலில் சீனா அந்தக் காந்தங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டதும் இங்கே வண்டிக் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வருமோ என்று பேசத் தொடங்கி விட்டன. பேட்டரி செல்லும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. ஆகவே காகிதத்தில் டர்போவை அடித்து விட்டு, மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் என்று எழுதிக் கொண்டு அதே கவுன்டருக்குப் போக வேண்டியதுதான்.

நமது உறுப்பினர் போனார். மகனையும் அழைத்துக் கொண்டு, கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே உதிரிபாகக் கவுன்டரில் காகிதத்தை நீட்டியிருக்கிறார். இம்போர்ட்டட் என்று சொல்லப்பட்ட இன்ஜின் உண்மையில் நம் நாட்டிலேயே செய்யப்படுவது என்று தெரிந்தது. ஆறு சாமானில் நான்கு அலமாரியிலேயே இருந்தன. டர்போவுக்கு ஐந்து நாள். மின்னணுப் பெட்டிக்கு மட்டும், "மூன்று வாரம் ஆகலாம், அண்ணாச்சி" என்று அங்கிருந்த பையன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். குடும்பக் கார்தானே, மூன்று வாரம் ஆட்டோவில் போய்க் கொள்ளலாம் என்று முன்பணம் கட்டி விட்டார். சரக்கு வேன் வாங்கும்போது இந்தப் பதிலுக்குக் கட்ட மாட்டேன் என்றும் சொன்னார்.

உறுப்பினர்கள் தங்கள் வண்டிக்கு எந்தச் சாமான் எத்தனை நாளில் கிடைத்தது, என்ன விலை என்பதை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், வண்டி வாரியாகத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பில் நகல் இருந்தால் உடன் இணைக்கவும்.